கனடா வழியாக நாலு மைல்

நட்சத்திரம், இரண்டு, இரண்டு, எட்டு.
மாதம் ஒருமுறை அழுத்தச் சொன்னான்
கிளாஸ்கோ கடைப் பையன்.
(ஸ்காட்லாந்து இல்லை. மொன்டானாவிலும் ஒரு கிளாஸ்கோ உண்டு,
மூன்று சிக்னல் விளக்கு, ஒரு ரயில்.)
அழுத்தினால் போனுக்குள் ஒரு பட்டியல் புதிதாகுமாம்:
எந்தக் கோபுரம் நம்முடையது,
அயலாரில் யார் கதவைத் தட்டலாம்,
யார் திறந்துவிட்டுக் காசு கேட்பார்கள்.
"ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு அவசியம், டாக்டர்."

நான் மாட்டு டாக்டர்.
போகிற இடங்களை ஊர் என்று சொல்ல முடியாது.
ஒரு தபால் பெட்டி, ஒரு நாய்,
அப்புறம் பதினோரு மைலுக்கு அறுத்த கோதுமைத் தாள்.
எட்டு மாதமாக நான் எதையும் அழுத்தவில்லை.

மார்ச். இரவு இரண்டரை.
பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
வெர்ன் கிட்டில்சன் கொட்டகையில் தலையீற்றுக் கிடேரி,
கன்று பின்பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது.
என் இழுப்புச் சட்டத்தில் ஒரு பல் தெறித்துவிட்டது.
என் வண்டி வாசலிலேயே பனியில் புதைந்து நிற்கிறது,
வெர்னின் தொலைபேசிக் கம்பி சாய்ந்து மூன்று நாள்.
நாலு மைலில் லோர்னா விட்டாக்.
அவளிடம் டிராக்டர் உண்டு, இழுப்பானும் உண்டு,
அவள் பக்கத்துக் கம்பி நிற்கிறது.

அடுக்கிய வைக்கோல் உருளைகள்மேல் ஏறினேன்.
ஒரு கோடு வந்தது. போனது. வந்தது.
"சிக்னலைப் புதுப்பிக்க, நல்ல சிக்னல் உள்ள இடமாகப் பார்த்து நில்லுங்கள்"
என்றும் சொல்லியிருந்தான் அந்தப் பையன்.
கடன் கேட்டுப் போனால்
கையில் காசு இருக்கிறதா என்று விசாரிக்கிற வங்கி மாதிரி.

கையுறையைப் பல்லால் உருவினேன்.
முழங்கை வரை ரத்தம், பனிக்குட நீர்,
அதுவும் உறைந்து சட்டைக்குமேல் ஒரு சட்டை.
நட்சத்திரம். இரண்டு. இரண்டு. எட்டு.
பிறகு மறுபடி இரண்டு.
வயலின்கள் தொடங்கின.
பல் மருத்துவர் வரவேற்பறையில் கேட்பவை.
காத்திருங்கள், காத்திருங்கள் என்றாள் ஒருத்தி,
அவளுக்கு எங்கேயும் குளிரவில்லை.
கீழே கிடேரி கத்தியது.
மனிதரிடம் பேசாத வெர்ன்
அதன் காதில் வானிலை அறிக்கை படித்துக்கொண்டிருந்தார்:
"வியாழக்கிழமை உருக ஆரம்பிக்கும், கேட்டாயா,
வியாழக்கிழமை."

வெற்றி, என்றாள் குளிராதவள்.
உடனே ஒரு குறுஞ்செய்தி:
கனடாவுக்கு நல்வரவு.

நிமிர்ந்து பார்த்தேன். வடக்கே, எல்லைக்கு அப்பால்,
ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுக்கியது.
இத்தனை வருடம் நான் அதை ஏதோ தானியக் கிடங்கு என்று நினைத்திருந்தேன்.
என் குரல் பாஸ்போர்ட் இல்லாமல் கிளம்பி
சஸ்காட்செவனில் ஏறி,
எந்தெந்த நகரத்துக் கம்பிகளையோ சுற்றி,
திரும்ப எல்லை தாண்டி
நாலு மைல் தள்ளி ஒரு சமையலறைச் சுவரில் மணி அடித்தது.

"எங்கேயிருந்து பேசுகிறாய்? கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது."
"வெர்ன் வைக்கோல்மேல் நிற்கிறேன்."
"ராத்திரி உடையோடு வரட்டுமா?"
"வா."

நாற்பது நிமிடத்தில் விளக்குகள் தெரிந்தன.
கிடேரி பிழைத்தது.
கன்றை மூன்று பேருமாக வெளியே எடுத்தோம்.
அது மூச்சு விடவில்லை.
லோர்னா தன் கோட்டால் அதை மூடினாள்,
பிறகு யோசித்து, கோட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

ஏப்ரலில் பில்: வெளிநாட்டு ரோமிங், ஆறு நிமிடம்.
வெர்னின் கணக்கில், மருந்துக்குக் கீழே எழுதி அனுப்பினேன்.
காசோலை வந்தது,
சரியாக அந்தத் தொகை மட்டும் குறைத்து.
பின்பக்கம் பென்சிலில்:
நான் கனடா போனதே இல்லை.